அம்மா பங்கிட்டுக் கொடுத்த இதய மாத்திரைகள்

அழாமல் எழுதக்கூடியவன் நான் ஒருவன்தான் என்று அண்ணன் அம்மாவின் நினைவாக வரும் இந்தக் கட்டுரையை என் தலையில் கட்டிவிட்டார். வீட்டில் முதலில் அலறுகிறவன் நான் என்பதை உறவினர்கள் அறிவீர்கள்.

அம்மா மலேசியாவில் தாப்பாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தார். அப்பா இளமையிலேயே மறைந்தபின், இருட்டோடு எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய் எங்களை ஆளாக்கினார். லயத்தில் ஒரு வீட்டுக் குழம்பு நாலு வீட்டுக்குப் போகும். காய்ச்சல் மருந்தும் அப்படித்தான். 1970களில் ஈப்போ நகரில் என்னோடு குடிவந்த பிறகும் அம்மாவின் கை மாறவில்லை.

இதயம் பலவீனம் என்று ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். சில ஆண்டுகளில் அம்மாவின் பேச்சு குழம்பியது. தேநீரில் உப்பு விழுந்தது. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனவர் வழி தெரியாமல் நின்றார். கால் வீங்கியது, வயசு என்றோம். ஒருநாள் காலை என்னைப் பார்த்து, “தம்பி யாரு? யாரைப் பாக்கணும்?” என்றார். அம்மா எனக்கு மரியாதை கொடுத்தது அன்றுதான்.

பேய்தான் என்று முடிவு கட்டி, எலுமிச்சம்பழத்தோடு அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். பூசாரி ஒரு பார்வை பார்த்தார்.

“பேய் புடிச்சா கால் ஏன் வீங்குது? மூச்சு வாங்குறாங்க லா. ஆஸ்பத்திரிக்குப் போங்க. பழத்தை வச்சிட்டுப் போங்க, உங்களுக்குச் சுத்திப் போடுறேன்.”

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். நான்தான் பயத்தில் மயங்கி விழுந்தேன். தாதி முதலில் என் நாடியைத்தான் பிடித்தார். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்: “இதயம் தளர்ந்தா மூளைக்கு ரத்தம் சரியாப் போகாது. குழப்பம் வரும். மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடுறாங்களா?”

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அம்மாவிடம் குழப்பமே இல்லை. “பக்கத்து வீட்டு மாரிக்குப் படபடப்பு. எதிர்வீட்டுக்காரிக்குத் தலைசுத்து. நான் மட்டும் எப்படி வச்சுத் திங்கிறது?”

டாக்டரம்மா மருந்துச் சீட்டைப் புதிதாக எழுதினார். பிறகு, “போன ஞாபகம் எல்லாம் திரும்பும்னு சொல்ல முடியாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம்” என்றார்.

வார்டில் சில நாள் சிகிச்சைக்குப் பின் ஒரு மாலை, “ஏன்டா மூஞ்சியத் தொங்கப்போட்டு நிக்கிற? சாப்பிட்டியா?” என்றார் அம்மா. மரியாதை போயிற்று, அம்மா வந்துவிட்டார். கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அப்பாவின் முகம் மட்டும் அவருக்குத் திரும்பவே இல்லை. படத்தைக் காட்டினால், “நல்ல மனுசனாத் தெரியுறாரு” என்பார்.

தமக்குக் கொடுத்த மாத்திரையால் வந்த வினை என்ற சேதி கேட்டு மாரியக்கா துடித்துப்போனார். தம் படபடப்புக்குத் தனியே வைத்தியம் பார்த்துக்கொண்டார். அன்று முதல் தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, “முழுங்கிட்டியாக்கா? எங்க, நாக்கத் தூக்கு” என்று பார்த்துவிட்டுத்தான் தம் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பார். உப்பு ஆகாது என்று கருவாட்டை ஒளித்து வைத்ததும் அவர்தான். அம்மா திட்டிக்கொண்டே விழுங்குவார். இப்படிப் பல ஆண்டுகள் போயின.

சென்ற ஆண்டு அந்த இதயம் ஓய்ந்தது. அதற்கு முந்தின நாள்கூட அம்மா பேரப்பிள்ளைகளை ஒருவர் விடாமல் பேர் சொல்லித் திட்டினார்.

பேயை விரட்ட மறுத்த பூசாரிக்கும், டாக்டரம்மாவுக்கும், என் நாடியைப் பிடித்த தாதிக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாரியக்கா, உங்களுக்கு என்ன சொல்லி எழுதுவதென்று தெரியவில்லை. எங்கள் அம்மா எங்களை இன்னார் என்று அறிந்தே போனார்.