சீனி டின்னுக்குக் காவல்

சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வதோடு பாதுகாப்புக் குழுவிலும் இருக்கிறேன். அலாரம் அடித்ததும் பச்சைத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு எல்லாரையும் வெளியே விரட்டி, திடலில் நிறுத்தித் தலை எண்ணுவது என் பொறுப்பு. ஒத்திகைதானே என்று சிரித்துப் பேசிக்கொண்டு ஆடி அசைந்து வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உண்மையிலேயே தீப்பிடித்தால் இவர்கள் கைப்பேசியைத் தேடிக்கொண்டு உள்ளேயே நிற்பார்கள். மனிதனுக்கு ஆபத்து நேரத்தில் யோசிக்க வராது, முன்கூட்டியே பழக்கி வைத்தால்தான் கை கால் ஓடும் என்பது என் கட்சி. இன்றும் அதில் பாதியை நம்புகிறேன்.

அந்தக் கட்சியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். எங்கள் வீடு ரந்தாவுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசையில் கடைசிக்கு முந்தியது. மனைவி போர்டிக்சனில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். சனிக்கிழமையும் அவளுக்கு வேலை உண்டு. ஒரே மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஒன்று நடந்தால் பிள்ளை திருதிருவென்று முழிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பழக்கினேன். கேஸ் வாடை வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடக் கூடாது. செம்பனைக்குள்ளிருந்து பாம்பு வந்துவிட்டால் விளக்குமாற்றைத் தேடாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். எங்கள் இருவருடைய தொலைபேசி எண்ணையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

அவள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கைப்பேசியில் திடீரென்று அலாரத்தை அடிக்கவிடுவேன். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடி வாசல் கேட்டருகே நிற்பாள்.

"பேசாம ஆர்மி கேம்ப்ல கொண்டுபோய் சேத்துடுங்க லா. போர்டிக்சன்லதான் இருக்கு, நானே மோட்டர்ல ஏத்திட்டுப் போறேன்" என்பாள் மனைவி.

மகள் மட்டும் ஒரு நாளும் முனகியதில்லை. ஏன், எதற்கு என்றும் கேட்டதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வாள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. தொழிற்சாலைப் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவனிடமெல்லாம் அவளைப் பற்றி அளந்துகொண்டு வருவேன்.

அந்த வருடம் எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, முற்றிவிட்டது. மாத்திரை போதாது, காலையும் மாலையும் வயிற்றில் ஊசி போட வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். "ஊசியை ஒரு நாளும் விடக் கூடாது" என்று அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஊசி எனக்குப் பெரிய விஷயமில்லை. வாயைக் கட்டுவதுதான் ஆகிற காரியமாக இல்லை. இனிப்புக் கட்டிப்பால் டின்னில் கரண்டியை விட்டு வழித்துத் தின்றுகொண்டிருக்கும்போது மனைவியிடம் இரண்டு தடவை கையும் களவுமாக மாட்டினேன். மூன்றாவது தடவை அவள் திட்டவில்லை, அழுதாள். அது எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

அதனால் இதற்கும் ஓர் ஏற்பாடு செய்தேன். வீட்டில் இருந்த இனிப்பையெல்லாம் துடைத்தெடுத்து அப்புறப்படுத்தினேன். மனைவியின் தேநீருக்கென்று ஒரு டின் சீனி மட்டும் மிஞ்சியது. அதற்கு மகளைக் காவல் வைத்தேன்.

"அப்பா கேட்டா குடுக்கக் கூடாது. கெஞ்சுவேன், குடுக்காதே. தலை சுத்துதும்மான்னு நடிப்பேன், நம்பாதே. கோவமா கத்துவேன், பயப்படாதே. ரொம்பப் போனா டின்னைத் தூக்கிட்டுப் பக்கத்து வீட்டு ஆண்டிகிட்ட ஓடிடு. அப்பா என்ன சொன்னாலும் குடுக்காதே. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினாள். ஒத்திகையும் பார்த்தோம். காக்கா பிடித்துப் பார்த்தேன், பொய்க் கோபத்தில் மேசையைத் தட்டினேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். ஒன்றுக்கும் அவள் மசியவில்லை. கடைசியில் எனக்குச் சிரிப்பு வந்து, அவளைத் தூக்கிச் சுற்றி இறக்கிவிட்டேன்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. எங்கள் வீட்டில் அந்த மாதத்துச் சனிக்கிழமைகளில் கோயில் பூசை முடிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் படாது. நானும் சிறு வயதிலிருந்து அப்படித்தான். அன்று காலை எழுந்து குளித்து, வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டேன். விரதம் சோற்றுக்குத்தானே, மருந்துக்கு ஏது விரதம்? மனைவி விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். நான் மகளை அழைத்துக்கொண்டு தோட்டத்துக் கோயிலுக்குப் போய்ப் பந்தல் கட்டினேன், பெரிய அண்டாக்களைத் தூக்கி வைத்தேன். பத்து மணி வாக்கில் கை லேசாக நடுங்கியது. வெயில்தான் என்று நினைத்து, சட்டையை மாற்றிக்கொண்டு வரலாமென்று மகளோடு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வேர்வை ஊற்றியது. கண் முன்னால் சுவர் ஒரு நிலையில் நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரத்தத்தில் சீனி இறங்கினால் இப்படி ஆகும், உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், சீனி எடுக்க ஒரு சாக்குக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மனைவி நினைப்பாளே என்று விட்டிருந்தேன்.

"சீனி குடும்மா" என்றேன்.

மகள் அலமாரியிலிருந்து டின்னை எடுத்தாள். எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"இது ஒத்திகை இல்லம்மா. நெஜம். குடு."

மாட்டேன் என்று தலையாட்டினாள். கெஞ்சினேன். தலை சுற்றுகிறது என்றேன். பிறகு எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது, கத்தினேன். என் பிள்ளையைப் பார்த்து வாயில் வரக்கூடாத சொல்லெல்லாம் வந்தது. நான் சொல்லிவைத்த வரிசை ஒன்றுகூடத் தப்பவில்லை. டின்னைப் பிடுங்கப் போனேன், கால் மடங்கியது. அவள் என்னைத் தாண்டி வெளியே ஓடுவது தெரிந்தது.

இனி வருவது நான் பாதி மயக்கத்தில் கேட்டதும், பக்கத்து வீட்டு அக்கா பிறகு சொன்னதும்தான். மகள் டின்னோடு அவர் வாசலில் போய் நின்று, அப்பா சீனி கேட்டுக் கத்துகிறார் என்றிருக்கிறாள். அந்த அக்காவின் கணவர் இதே வியாதியில் பல வருடம் கிடந்து போனவர். "உங்கப்பாவுக்கு வேர்த்திருக்கா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும் தன் வீட்டுப் பால் டின்னையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"தம்பி, வாயைத் தொறங்க. முழுங்குங்க" என்று கன்னத்தில் தட்டினார்.

அந்த நேரத்தில் மகள் அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். "குடுக்காதீங்க ஆண்டி! அப்பாவுக்குக் குடுக்கக் கூடாது!" என்று வீடே அதிர அலறினாள். அக்கா ஒரு கையால் அவளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எனக்கு ஊட்டினார். அந்த அலறல் மட்டும் எனக்கு முழுசாகக் கேட்டது. நாக்கில் பால் இனித்ததும் நினைவிருக்கிறது.

கிளினிக்கில் டாக்டர் என்னை அதிகம் திட்டவில்லை. அந்தக் குறையை மனைவி தீர்த்து வைத்தாள்.

"ஊசிய விடாதேன்னு சொன்னாங்க, சரி. சாப்பாட்ட விடச் சொன்னாங்களா? ஃபெக்டரியில ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்களே, இது தெரியாதா?"

தெரியும் என்று எப்படிச் சொல்வது?

மகளிடம் யாரும் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. அவளாகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். நான் எழுந்து குளியலறைக்குப் போனால் வெளியே வந்து நிற்பாள். ஒரு வாரம் கழித்து அவளை உட்கார வைத்து, சீனி ஏறுவது, இறங்குவது இரண்டையும் விளக்கினேன். விரலில் குத்தி ரத்தச் சொட்டை வைத்துப் பார்க்கிற கருவியையும் காட்டினேன். இந்த எண்ணுக்குக் கீழே போனால் அப்பாவுக்குக் கட்டாயம் சீனி கொடுக்க வேண்டும் என்றேன். முதல் தடவையாக அவள் கேள்வி கேட்டாள். அந்த எண் ஏன், அதற்குக் கீழே போனால் உடம்பில் என்ன ஆகும், எத்தனை கரண்டி, பிறகு எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே போனாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன்.

பிறகு, பழகட்டும் என்று விரலை நீட்டினேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். மனதில் கிடந்ததை அப்போது கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு அப்பா நடிக்கிறேன்னுதானேம்மா நெனச்ச?"

அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லப்பா. நெஜம்னு தெரியும். உங்க மூஞ்சப் பாத்தாலே தெரிஞ்சிச்சு" என்றாள். "நீங்கதானே சொன்னீங்க, என்ன சொன்னாலும் குடுக்காதேன்னு."