இரண்டு மணிக்கு மூடும் பாட்டில்

கீமோ வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் ஒரு தாராவிக்கார அம்மாள் இருந்தார். ஒட்டிப்போன கன்னம், மொட்டைத் தலையில் நீலத் துணி. மருந்து ஏறும் நாட்களில் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் டாக்டரின் உத்தரவு. எனக்கு ஒரு தம்ளரே குமட்டும். அவரோ காலையில் வந்ததும் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடிப்பார். அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி நர்ஸ் என்னை இந்தியில் திட்டுவாள்.

மாலையில் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்; மதியம் இரண்டு மணிக்கே பாட்டிலை இறுக மூடிவிடுவார். அப்புறம் ஒரு சொட்டு கிடையாது.

"வீட்டுக்குப் போயும் குடிக்கணும்க்கா," என்றேன், பெரிய மேதாவி போல.

"குடிச்சா போவணும்லா? எங்க கல்லி, சந்து முழுசுக்கும் ஒரு சண்டாஸ்தான். லைன்ல நிக்கக் காலுல தெம்பு இல்ல. இங்கன கக்கூஸு பக்கத்துலயே இருக்கு. அதான் இங்கனயே குடிச்சிக்கிடுதேன்."

செம்பூரில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு இரண்டு பாத்ரூம்.

கிளம்பும்போது ஃபைலை நீட்டி, "டாக்டரு இங்கிலீசுல என்ன எழுதிருக்காரு?" என்றார்.

வீட்டில் நிறையத் தண்ணீர் குடிக்கவும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"வழக்கம்போலத்தான்க்கா," என்று ஃபைலை மூடிக் கொடுத்தேன்.