நல்லா நடப்பாங்க

காய்ச்சல் கண்ட நான்காம் நாள் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குரும்பகரத்திலிருந்து ஆட்டோ பிடித்து நானும் அண்ணனும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வைரஸ் காய்ச்சல் என்றார்கள். அப்பாவை உள்ளே கொண்டுபோன பிறகு நர்ஸ் எங்களிடம் கேட்டார்.

“காய்ச்சலுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க? தானா எழுந்து நடப்பாங்களா?”

“நல்லா நடப்பாங்க. இப்பவும் சைக்கிள்லதான் திருநள்ளாறு போயிட்டு வருவாங்க” என்றான் அண்ணன்.

அந்த சைக்கிளில் காற்று இறங்கி ஆறு மாதம். அதன் கேரியரில் கோழி அடைகிறது.

அப்பா சுவரைப் பிடித்துத்தான் கொல்லைக்குப் போவார். நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்றி மூன்று முறை முயல வேண்டும். ஒரு கரண்டி சோற்றோடு கை கழுவிவிடுவார். அம்பகரத்தூர் கோயிலுக்குப் போனபோது, கூட்டமாக இருக்கிறது என்று சொல்லி பஸ் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அன்று கோயிலில் ஈ காக்கை இல்லை. இதெல்லாம் அண்ணனுக்கும் தெரியும்.

ஆனால் எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு முடியவில்லை என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் பலித்துவிடுமாம். யார் கேட்டாலும் ‘நல்லா இருக்காங்க’தான். கல்யாண வீட்டில் சொல்லுங்கள், டீக்கடையில் சொல்லுங்கள். உயிரைக் காப்பாற்ற வந்த இடத்திலுமா? நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அண்ணன் மேல் மட்டுமில்லை, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்ற என் மேலும்தான்.

தானாக நடப்பவர் என்று நர்ஸ் எழுதிக்கொண்டார். அப்படியானால் துணைக்கு ஆள் வேண்டாம், பார்க்கிற நேரத்துக்கு வந்தால் போதும் என்றார்கள். வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் காலையில் அப்பா தனியாகக் கக்கூஸுக்குப் போய் விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அதோடு படுத்தவர்தான். காய்ச்சல் விட்டது, கால் திரும்பவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் அவரைவிடப் பத்து வயது மூத்த மீனவர் ஒருவர். அதே வைரஸ். ஒன்பதாம் நாள் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் நடந்து வெளியே போனார். அவர் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

“வயச மட்டும் வச்சு சொல்ல முடியாதும்மா. எவ்வளவு தளர்ந்திருந்தாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா கூடவே ஆள் வச்சிருப்போம். புடிச்சு நடக்க வச்சிருப்போம், சாப்பாட்டையும் கவனிச்சிருப்போம்” என்றார் டாக்டர்.

“நல்லாத்தான் இருந்தாங்க டாக்டர்” என்று அண்ணன் மறுபடி ஆரம்பித்தான்.

“போதும், நிறுத்துண்ணே” என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. சுவர், நாற்காலி, ஒரு கரண்டிச் சோறு எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். பத்து நாள் தாமதமாகச் சொன்னேன்.

அப்பா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். டாக்டர் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இங்க வந்த அன்னிக்கே நீ சொல்லியிருப்பன்னுல்ல நெனச்சேன். விழுந்த அன்னிக்கு, யாராவது வந்து புடிப்பாங்கன்னு ரொம்ப நேரம் கட்டில்லயே உக்காந்திருந்தேன்.”

நாலு நாளில் அப்பா போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அண்ணன், காய்ச்சல் வரும்வரை அப்பா சைக்கிள் மிதித்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் கொல்லைக்குப் போய்க் கோழியை விரட்டிவிட்டு, காற்றில்லாத அந்த சைக்கிளை எல்லோர் முன்னாலும் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன்.