மானுக்கு வைத்த கழுநீர்

காட்டோரத்தில் குடிவர எனக்கு இஷ்டமே இல்லை. இருபத்திரண்டு வருஷம் தேரடித் தெருவுக்குப் பக்கத்திலேயே இருந்தவள் நான். கறிவேப்பிலை தீர்ந்துபோனால், தாளிப்பு கருகுவதற்குள் ஓடி வாங்கி வந்துவிடலாம். ஆனால் போன மாசியில் என் கணவருக்கு இருதயத்தில் ஆபரேஷன் ஆயிற்று. "புகை, சத்தம் இல்லாத இடமா பாருங்க. தினம் நடக்க வைங்க" என்றார் டாக்டர். அடி அண்ணாமலைக்குப் போகிற வழியில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. கொல்லைக் கதவைத் திறந்தால் நாலு வேப்பமரம், அதற்கப்புறம் மலைக்காடு. பங்குனி வெயிலில் சாமான்களை இறக்கினோம்.

வந்த மனிதர் நடந்தாரா என்றால், அதுதான் இல்லை. முப்பது வருஷம் கரண்டு கம்பம் ஏறி இறங்கியவர், கொல்லைக் கதவு வரை போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படியே திரும்பிவிடுவார். "வழியில ஏதாவது ஆயிட்டா இன்னா பண்றது?" என்பார். நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாலும் நாலு வீடு தாண்டுவதற்குள் வியர்த்துக் கொட்டும். தையல் நன்றாக ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவே இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வரும். கத்துவேன். பிறகு அடுப்படிக்குப் போய் அழுவேன். இந்த மனிதர் இனி இப்படியே நாற்காலியில் உட்கார்ந்து காலத்தை ஓட்டிவிடுவாரோ என்ற பயம் என்னை விடவே இல்லை.

வீட்டைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நாலு மணிக்கு மரங்களுக்குள்ளிருந்து ஒரு காற்று வரும் பாருங்கள், டவுனில் ஏசி போட்டுப் படுத்தபோது வராத தூக்கமெல்லாம் வெறும் பாயில் வந்தது. காயப்போட்ட புடவையை மடித்தால் மடிப்புக்கு மடிப்பு வேப்பம்பூ. காலையில் கேழ்வரகுக் கூழும் மாங்காய்ப் பத்தையும் எடுத்துக்கொண்டு பின்படியில் உட்கார்ந்தால், மயில்கள் நாம் ஒருவர் இருப்பதையே மதிக்காமல் குறுக்கே போகும். ஒருநாள் நானே கூழைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

சித்திரை பிறந்ததும் காட்டில் தண்ணீர் கம்மியாகிவிடும், புள்ளிமான்கள் வீடுகள் பக்கம் இறங்கிவரும். அந்த வரிசையில் எல்லோருமே கொல்லைக்கு வெளியே ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்திருந்தார்கள். நானும் ஒன்று வாங்கிப்போட்டேன். நான் கீழ்பென்னாத்தூர் பக்கம் மாடு கன்றோடு வளர்ந்தவள். வாயில்லா ஜீவனுக்கு வெறும் தண்ணீரை வைக்க எனக்குக் கை வருமா? அரிசி கழுவின கழுநீரை ஊற்றி, ரெண்டு கை தவிடு போட்டு, உப்பும் கலந்து வைத்தேன். மான்கள் வந்தன, மோந்து பார்த்தன, தும்மிவிட்டுப் பக்கத்து வீட்டுத் தொட்டிக்குப் போய்விட்டன. மூன்று நாளும் இதே கதை. வீட்டுக்கு வந்த சம்பந்தி கை நனைக்காமல் எழுந்து போனதுபோல எனக்கு முகம் சுண்டிவிட்டது.

நாலாம் நாள் அந்தப் பக்கமாக வந்த வனக் காவலர் தொட்டியைக் கையால் கலக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, பால் கறக்கப் போறீங்களா? பச்சத் தண்ணி மட்டும் வைங்க. வேற எதுவும் வேணாம்."

உள்ளே நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. என் கணவர்தான். மாசிக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். எனக்கு அவமானம் ஒருபக்கம் இருந்தாலும், இன்னும் பத்து மானுக்குத் தவிடு கரைத்து வைக்கலாம் போலச் சந்தோஷமாகவும் இருந்தது.

"நீ வுடு, நான் பாத்துக்கிறேன்" என்று அவரே எழுந்து வந்தார். தேங்காய் நாரைப் போட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ரப்பர் டியூப் பிடித்து நல்ல தண்ணீர் நிரப்பினார். அதற்கப்புறம் தொட்டி அவருடையதாகிவிட்டது. நான் கிட்டே போனால், "தவிட்டக் கொண்டாந்துட்டியா?" என்று கிண்டல் வேறு.

வைகாசியில் ஒரு சாயங்காலம் டீ போட்டுக்கொண்டு கொல்லைக்கு வந்தேன். தொட்டி நிரம்பித் தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் காணோம். போன் சுவர்மேல் கிடந்தது. டம்ளரை அங்கேயே போட்டுவிட்டு மரங்களுக்குள் போகிற ஒற்றையடிப் பாதையில் ஓடினேன். புடவையில் முள் மாட்டிக் கிழிந்தது. வேண்டாததெல்லாம் மனதில் வந்தது.

வெகுதூரம் தள்ளி, வறண்ட ஓடைக்கரையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மானும், கால் இன்னும் சரியாக ஊன்றத் தெரியாத குட்டியும். அதன் பின்னாலேயே அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

"செத்துட்டீங்கன்னு நெனச்சுட்டேங்க!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். மான்கள் பாய்ந்து ஓடிவிட்டன.

"ஐய, போயிடுச்சு பாரு" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "ஒக்காரு, ஒக்காரு. மூச்சு வாங்குது பாரு ஒனக்கு. எதுக்கு இப்படி ஓடியாந்த?"

அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை. சொன்னால் மறுபடி பயம் வந்துவிடுமோ என்று, கல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது என் கையைப் பிடிக்காமல் அவர் முன்னால் நடந்தார். நான் வேண்டுமென்றே பின்தங்கி வந்தேன். அவர் போகிறதைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும் போலிருந்தது.