செம்புத் தகடு எங்கன இருக்கு?

எங்கள் வேன் எம். புதுப்பட்டியிலிருந்து கடலோர ஊர் ஒன்றுக்கு வந்திருக்கிறது. பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கும் பன்னிரண்டு பெண்கள், ஓர் இடம் மிச்சமிருந்ததால் ஒட்டிக்கொண்ட நான். கலங்கரை விளக்கத்தின் வாசலிலேயே அத்தனை பேரும் செருப்பைக் கழற்றுகிறார்கள்.

"இதென்ன கோயிலா?" என்று கிண்டல் பண்ணுகிறேன். யாரும் காதில் வாங்கவில்லை.

முன்னால் நிற்கும் மேரியக்கா கதவோரச் சுவரைத் தடவுகிறார். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காகச் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். இங்கே கைக்கு வருவது சுண்ணாம்புதான்.

"என்னம்மா தேடுறீங்க?" என்கிறார் டிக்கெட் கொடுப்பவர்.

"தகடு எங்கன இருக்குண்ணே?"

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "இங்க எதும்மா வெடிக்கப்போகுது?"

"கம்பெனியில சேந்த அன்னைக்கு எங்ககிட்டயும் இதத்தாண்ணே சொன்னாக."

அக்கா படிக்கட்டின் இரும்புக் கம்பியைத் தொட்டுவிட்டு ஏறுகிறார். பின்னாலேயே பதினொரு கைகள். கடைசியாக நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொடுகிறேன்.

"நீங்களுமா?" என்று டிக்கெட்காரர் மறுபடி சிரிக்கிறார்.

நாலு படி ஏறித் திரும்பிப் பார்க்கிறேன். அவர் கை கம்பியில் இருக்கிறது.