214A

அழித்தவன் நான்தான். சம்பளக் கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றிய அன்று, தோட்டக் கம்பெனியின் பதுளை அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் இருவர் இருந்தோம்: கொழும்பிலிருந்து வந்த பொறியாளர், அங்கே வேலை பார்த்த நான். அங்கே இல்லாதவள் என் அக்கா மாரியாயி. அவள் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், நிறைமாதமாக, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்குப் புரிய வேண்டும்... எங்கள் தோட்டத்தில் தாய் வேலையை விட்டு நின்றால், மகள் அதே எண்ணில் ஓர் எழுத்துச் சேர்த்து வேலைக்குப் பேர் பதிவாள். அம்மா 214. அக்கா 214A. ஆனால் வேலைநாள் அட்டவணையில் வெறும் எண்கள்தாம். பேர்ப் பட்டியலையும் அதையும் பொருத்தும்போது, பழைய பதிப்பு அந்த எழுத்தைத் தானே உதிர்த்துவிட்டு 214 என்று மாற்றிக்கொள்ளும். புதியது மாற்றாது. எண்ணாக இல்லாததையெல்லாம் ஒதுக்கித் திரையில் காட்டியது.

பொறியாளர் யாழ்ப்பாணத்தவர். மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு கேட்டார்:

“என்ன தம்பி, இலக்கத்துக்குப் பின்னால எழுத்து நிக்குது? ஆரும் பிழையா அடிச்சதோ?”

ஒரு வாக்கியம் போதும்! ஆனால், அது உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டால்? நான் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளை என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பதுளையில் அப்பாவுக்குக் கடை என்று சொல்லி வைத்திருந்தேன்.

“ஆமாங்க சார். டைப் பண்ணின பிழை.”

“அப்ப அதையெல்லாம் அழியும்.”

அழித்தேன்... 214A என் கண்முன்னே போயிற்று. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேனா? நினைத்ததாகத்தான் இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அக்காவுக்குப் பெண் பிறந்தது. பிள்ளைப்பேற்றுக் காசுப் பட்டியலில் அவள் பேர் இல்லை. பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி என்னிடமே வந்தாள்.

“அடேயப்பா! சப்பாத்தும் டையும்... தொரையே தோத்தாரு போ!” என்று சிரித்தாள். யாரும் பார்ப்பதற்குள் அவளைப் பின்படிக்கட்டுக்கு இழுத்துச் சென்றேன்.

“ஏன்டா தம்பி, ஒங்க மிசின்ல என் பேர வெட்டிட்டாங்களா? நான் என்னா குத்தம் செஞ்சேன்?”

“மிசின் தப்புப் பண்ணாதுக்கா. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒன் பேர அனுப்பியிருக்க மாட்டாரு.”

நம்பினாள்! படித்த தம்பி சொன்னால் நம்பாமல்? மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், எல்லார் முன்னாலும், கணக்கப்பிள்ளையைத் திட்டித் தீர்த்தாள். ஒரு பாவமும் அறியாத மனிதர்! அவர் கோபத்தில் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போக, அக்காவின் பேரை உண்மையிலேயே வெட்டினார்கள். மெஷினில் நான் முதலில் வெட்டினேன். தோட்டத்தில் அவர்கள் பிறகு வெட்டினார்கள்.

அப்போதாவது பேசினேனா? இல்லை... எழுத்தோடு நின்ற மற்றப் பெண்கள் எத்தனை பேர்? அவர்களின் முகம்கூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.

யூனியன்காரர் அலைந்து மீண்டும் பேர் பதிய மாதங்கள் ஆயின. அதுவரை அடுப்பு எரிய, அக்கா தன் கல்யாணத் தோட்டை அப்புத்தளையில் அடகு வைத்தாள். மீட்க முடியாமல் அது மூழ்கிப்போயிற்று. இன்றும் காதில் ஈர்க்குச்சிதான். அதோடுதான் எனக்குச் சோறு போட்டு, “எங்க தம்பி கம்ப்யூட்டர் படிச்சவன்” என்று ஊருக்கெல்லாம் சொல்கிறாள்.

அந்தத் தோட்டுக்கு அடகுக் கடைக்காரர் தந்தது அறுநூற்று நாற்பது ரூபாய்.