பேராச்சியின் நீல டிரம்

பேராச்சி மதினி வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க மாட்டாள். தாராவியில் பதினோரு மாதத்துக்கு ஒரு அக்ரிமெண்ட். முடிந்தால் வேறு ரூம், வேறு சந்து. சாமி படம்கூடப் பெட்டியின் மேல் சாய்ந்துதான் நிற்கும்.

பை தைக்கும் பட்டறையில் ஜிப் வைப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் கோழிதான். ஒருமுறை வாசலோரம் செங்கல் வைத்துக் கூடு கட்டினாள். காலி செய்த அன்று, அதை இடித்துத் தரையைச் சமமாக்கிவிட்டுப் போகச் சொன்னார்கள். சுத்தியல் இரவல் வாங்கி அவளே இடித்தாள். அதற்குப் பிறகுதான் டிரம்.

பழைய பிளாஸ்டிக் கொட்டகையில் கிடைத்த நீல டிரம் அது. படுக்கப் போட்டு, வாய் வெட்டி, உடைந்த பிரிட்ஜின் கம்பித் தட்டைக் கதவாகக் கட்டினாள். உள்ளே ஒரு பலகை, அதன்மேல் சாக்கு. எல்லாவற்றையும் மரச்சட்டத்தில் உட்கார வைத்து, அடியில் சூட்கேஸ் சக்கரம் மாட்டினாள். கயிற்றைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே வரும்.

இந்த முறை அக்ரிமெண்ட் முடியும்போது செவலைக்கோழி அடை உட்கார்ந்திருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை இருந்துகொள்ளட்டுமா என்று வீட்டுக்கார அண்ணாச்சியிடம் கேட்டாள்.

“கோழிக்கும் சேத்து அக்ரிமெண்ட் போட்டுருவமா?” என்று சிரித்தார்.

அடைக்கோழியை இடம் மாற்றினால் முட்டையை விட்டு எழுந்துவிடும். பிறகு முட்டை ஆறிக் கெட்டுப் போகும். மதினி யோசித்துவிட்டுச் சொன்னாள்: “வீடு நமக்குத்தான மாறுது. அதுக்கு மாறலல்லா.”

குடிபோன காலையில் அவள் நிறைகுடத்தோடு முன்னால் நடந்தாள். புது வாசலைத் தாண்டும்வரை குடத்தைக் கீழே வைக்கக் கூடாது. அவள் தங்கை விஜயராணி விளக்கோடும், நான் உப்பு மஞ்சளோடும் பின்னால் போனோம். கடைசியில் டிரம்மை இழுத்து வந்தவன் இசக்கிப்பாண்டி. அந்தப் பிளாஸ்டிக் கொட்டகையில் நாளெல்லாம் டிரம் உருட்டுகிறவன்.

சாக்கடை மூடியில் சக்கரம் மாட்டிக்கொண்டது. அவன் டிரம்மைச் சட்டத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, கீழே இறக்கினான். கடகடவென்று சத்தம். எங்கள் சந்துகளில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான்.

மதினி திரும்பினாள். குடத்தை யார் வாசலிலோ வைத்துவிட்டு ஓடினாள்.

“ஏலே, உருட்டாத! உள்ள முட்ட கெடக்கு!”

“கைப்பழக்கம் யக்கா...”

“ஒன்னைய உள்ள வச்சு உருட்டட்டா?”

கோழி கம்பியில் வந்து மோதியது. சாக்கெல்லாம் மஞ்சள் கரு. அவள் துடைத்து, உடையாத முட்டைகளைத் தேடிச் சேர்த்து வைத்தாள். கதவை மூடி, பழைய சேலையால் டிரம்மைப் போர்த்தி இருட்டாக்கினாள். அந்த இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“யக்கா, நல்ல நேரம் முடியப் போவுது. கொடத்தத் தூக்கு,” என்றாள் விஜயராணி.

“இரு. அது உக்காரட்டும்.”

பின்னால் ஒரு ஸ்கூட்டர்காரன் ஹாரன் அடித்து, அலுத்து, வண்டியை அணைத்தான். விஜயராணி வானத்தைப் பார்த்து முணுமுணுத்தாள். மதினி டிரம்மில் காதை வைத்திருந்தாள். எத்தனை வீடு மாறியிருப்பாள்! போன இடத்தில் அவள் நிலைகொள்ளட்டும் என்று இப்படி யாரும் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

நல்ல நேரம் போனது. அப்புறம்தான் உள்ளே அலகால் முட்டை நகர்த்தும் சத்தம் வந்தது. பிறகு அடைக்கோழியின் அந்தத் தாழ்ந்த முனகல்.

“உக்காந்துட்டு,” என்றாள்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அசையாமல் தூக்கிப் போனோம். புது வாசலை முதலில் தாண்டியது டிரம்தான். குடம் பிறகு வந்தது.

எல்லா முட்டையும் பொரியவில்லை. பொரித்தவை வாசலில் கத்திக்கொண்டிருந்த ஒரு நாள், இசக்கிப்பாண்டி லாரியில் சாமான் கட்டும் நாடாவோடு வந்தான். டிரம்மைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினான்.

“இனி எவனும் உருட்ட முடியாது யக்கா. ரெண்டு ஆணியும் அடிச்சிரட்டா?”

மதினி நாடாவை இழுத்துப் பார்த்தாள்.

“ஆணி வேண்டாம்ல. கழத்தணும்னா கழத்த வரணும்.”